பூட்டிய வீட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பது: கேமரா அமைக்க முழுமையான வழிகாட்டி

ஊருக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடுவோம், கொல்லைக் கதவைத் தாழிடுவோம், கடைசியாக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வாசலைப் பூட்டுவோம். மெயின் இறங்கியதுமே ரவுட்டர் அணைந்துவிடும், அதோடு கேமராவும். பஸ் பைபாஸைத் தாண்டியதும் ஆப்பைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’ என்று வரும்.

கடையில் பேச்சு முழுக்க மெகாபிக்சலைப் பற்றித்தான் இருக்கும். வெளியூரிலிருந்து பார்க்கப்போகிறவருக்கு அது கடைசிக் கவலை. கேமராவுக்கு மின்சாரம் நிற்காமல் வர வேண்டும், இணையம் அறுபடக் கூடாது, கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் போய்ப் பார்க்கத் தெருவில் ஓர் ஆள் வேண்டும். இந்த நான்கும் இருந்தால் மூவாயிரம் ரூபாய்க் கேமராவே போதும். தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டை ஒரு வாரத்திலிருந்து சில மாதங்கள் வரை பூட்டிவிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இதில் பாதி போதும்.

எந்த வகை வாங்குவது

வைஃபை கேமரா: ஒரு பிளக் பாயின்ட், உள்ளே ஒரு எஸ்டி கார்டு, போனில் ஓர் ஆப். சிபி பிளஸ், க்யூபோ போன்றவை இந்த ரகத்தில் கிடைக்கின்றன. இரண்டு கேமரா போதும் என்றால் இதுவே சரி.

என்விஆரும் பிஓஇ கேமராவும்: ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள், மின்சாரமும் படமும் அதிலேயே போகும்; பிஓஇ என்பது இதுதான். 100 மீட்டர் வரை இழுக்கலாம். பதிவு, வீட்டுக்குள் ஒளித்துவைத்த என்விஆர் என்ற பெட்டியில் சேரும். நான்கு பக்கமும் திறந்த தனி வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். செலவு கூடுதல், சுவரில் துளை போட வேண்டும், ஆனால் வைஃபை தொல்லை அடியோடு இல்லை. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு; தூரம் கூடினால் மின்னழுத்தம் குறைந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரம் பார்த்துக் கேமரா அணைந்து அணைந்து வரும்.

ஏற்கெனவே டிவிஆர் என்ற பழைய ரகப் பதிவுப் பெட்டியும், டிவி கேபிள் போன்ற கோஆக்சியல் கேபிளும் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பின்னால் நெட்வொர்க் போர்ட் இருந்து, கம்பெனி இன்னும் அதற்கு அப்டேட் தருகிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். பேட்டரி, சோலார் கேமராக்கள் பெரும்பாலும் அசைவு தெரிந்த பிறகே விழித்துப் பதிவு செய்கின்றன. முதல் சில நொடிகள் போய்விடலாம். கரண்ட்டோ நெட்டோ எட்டாத தோப்பு, பம்ப்செட் போன்ற இடத்துக்குச் சிம் போடும் சோலார் கேமரா சரி. வீட்டு வாசலுக்கு வேண்டாம்.

2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகளுக்கு உட்பட வேண்டும். பெயர் தெரியாத மலிவு ரகங்களை ஒதுக்க இது ஒரு நல்ல சாக்கு. வாங்கும்போது ஓஎன்விஐஎஃப் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நாளைக்கு வேறு கம்பெனி என்விஆரோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கே மாட்டுவது

மொட்டை மாடியிலிருந்து தெரு முழுவதையும் பிடிக்கும் கேமரா பார்க்கக் கம்பீரமாக இருக்கும். திருட்டு நடந்த பிறகு அதில் தெரிவது ஒரு தொப்பியும் இரண்டு தோளும்தான். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது பன்னாட்டுத் தரக் கணக்கு. 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். வகுத்தால், படத்தில் சுமார் ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் அடங்கக் கூடாது. சுமார் 100 டிகிரி விரியும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அது ஏறத்தாழ பத்தடி தூரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் ‘யாரோ ஒருவர்’ என்று தெரியும், ‘இன்னார்’ என்று தெரியாது.

ஆகவே ஒரு கேமராவை வாசல் கதவுக்கென்றே ஒதுக்குங்கள். எட்டடி உயரம், கதவை நெருங்குகிறவரின் முகம் நேராக விழும் கோணம். இரண்டாவது கொல்லைப்புறத்துக்கு. ஆள் இல்லாத வீட்டில் நுழைய நினைப்பவருக்குத் தெருவுக்குத் தெரியும் வாசலைவிடப் பின்கதவு வசதி. மூன்றாவது வீட்டுக்குள், ஹாலைப் பார்த்தபடி: வெளிக் கேமரா எதையோ காட்டும்போது உள்ளே ஆள் வந்துவிட்டாரா என்று சொல்வது இதுதான். தெருவை அகலமாகப் பார்ப்பது நான்காவது. பலரும் அதைத்தான் முதலில் மாட்டுகிறார்கள்.

கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் நேராக லென்ஸில் அடித்தால் ஆள் கறுப்பு நிழலாகிவிடுவார். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க நினைத்தால், இரவில் அதன் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளையாகும். அதை அணைத்துவிட்டு வெளியே ஒரு பல்ப் எரியவிடலாம்.

பக்கத்து வீட்டு ஜன்னலும் கிணற்றடியும் படத்தில் விழுந்தால் பிரைவசி மாஸ்க் போட்டு மறையுங்கள். கூட்டுக் குடும்ப வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். உடன் வசிப்பவர்களின் சம்மதம் இல்லாமல் வசிப்பிடத்துக்குள் கேமரா வைத்து இயக்குவது அவர்களின் அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் சொன்னது. 2025இல் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

மின்சாரம்: பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்

எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டு, ரவுட்டர், ஃபைபர் பெட்டி, என்விஆர், கேமரா அடாப்டர்கள் எல்லாவற்றையும் எம்சிபி என்ற தனி ட்ரிப் சுவிட்ச் ஒன்றின்கீழ் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது மற்ற எம்சிபிகளை இறக்கிவிட்டு இதை மட்டும் விட்டுவைக்கலாம். அந்த எம்சிபி மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கடைசி நிமிடத்தில் வீட்டுப் பெரியவர் யாராவது அதையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

இன்வெர்ட்டர் இருந்தால் இந்த லைனை அதில் சேர்ப்பது நல்லது. வைஃபை கேமரா ஒன்று ஐந்து வாட், ரவுட்டர் பத்து வாட், நான்கு பிஓஇ கேமராவோடு என்விஆர் சேர்ந்தாலும் ஐம்பது வாட் பக்கம்தான் வரும். ஃபேன், ஃப்ரிட்ஜ் எதுவும் அதில் ஓடாவிட்டால், நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி அரை நாளுக்குக் குறையாமல் தாங்கும். நீண்ட பயணம் என்றால் கிளம்புவதற்கு முன் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிவிட்டுப் போங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் போதும். ரவுட்டர் அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட்; அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள். 12 வோல்ட் கேமராவுக்கும் தனியாக ஒன்று வைக்கலாம்.

பலரும் யோசிக்காதது ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். இடி மின்னல் மழையில் அது ட்ரிப் ஆகிவிட்டால், தெருவெல்லாம் கரண்ட் இருந்தும் உங்கள் வீட்டில் மட்டும் இருக்காது. தூக்கிவிட ஆளும் இருக்காது. இன்வெர்ட்டர் தீரும்வரைதான் கேமரா. மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருந்து, ஆர்சிசிபியும் அதிலேயே இருந்தால், அதன் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். வீட்டுச் சாவி தர மனமில்லாதவர்களும் இதைத் தரலாம்.

இரண்டு மாதத்துக்கு மேல் வெளியூர் என்றால் ஈபி பில்லை மறக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். ஆன்லைனில் எங்கிருந்தும் கட்டலாம்.

இணையம்

தூரத்திலிருந்து பார்க்கும்போது வேலை செய்வது உங்கள் வீட்டு இணையத்தின் அப்லோடு வேகம். கேமராக்களில் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று இரண்டு இருக்கும். பதிவு செய்வது மெயின். போனில் பார்க்கச் சப் போதும், அதற்கு அரை எம்பிபிஎஸ் இருந்தாலே ஓடும். ஃபைபர் இணைப்பில் இது ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில். உங்கள் வீட்டில் யூபிஎஸ் இருந்தாலும், லோக்கல் கேபிள்காரர் தெருமுனைக் கம்பத்தில் வைத்திருக்கும் சுவிட்ச் பெட்டிக்குப் பேட்டரி இல்லாமல் இருக்கலாம். அடுத்த முறை கரண்ட் போகும்போது ரவுட்டரை யூபிஎஸ்ஸில் ஓடவிட்டு நெட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை மாற்றாக வைக்கலாம். பிராட்பேண்ட் பிளானின் கடைசித் தேதி, சிம் ரீசார்ஜ் கடைசித் தேதி இரண்டையும் நீங்கள் திரும்பி வரும் நாளைத் தாண்டும்படி கிளம்புவதற்கு முன்பே நீட்டிவிடுங்கள்.

வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். ரவுட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கேமராவைச் சேர்க்கும்போது திணறும். அந்த நேரத்துக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்துவிடுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் சில கேமராக்கள் சேராது, டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து கேமராக்களை அதில் தனியே வைப்பது. அப்போது கேமராவை யாராவது ஹேக் செய்தாலும் உங்கள் லேப்டாப் வரை அது வராது.

சேர்ப்பதும் கணக்கும்

1. கேமராவை மாட்டுவதற்கு முன்பே, ரவுட்டருக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்து ஆப்பில் சேர்த்துவிடுங்கள். ஏணிமேல் நின்றுகொண்டு க்யூஆர் கோடு ஸ்கேன் செய்வது தேவையற்ற சாகசம்.

2. ஆப் கணக்கை மின்னஞ்சலில் தொடங்குங்கள். மொபைல் எண்ணில் தொடங்கினால், சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கி ஆப் மறுபடி லாகின் கேட்கும்போது ஓடிபி, அணைத்துவைத்த இந்திய சிம்முக்குப் போகும். சில ஆப்கள் நாட்டைக் கேட்கும். கேமரா இருக்கும் நாட்டைக் கொடுங்கள்.

3. கேமரா அல்லது என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற மால்வேர் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். அவற்றை வைத்தே அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் சில மணிநேரம் முடக்கப்பட்டன. 

4. இரண்டடுக்கு உறுதிப்படுத்தலை ஆன் செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸைவிட மின்னஞ்சலோ ஆத்தென்டிகேட்டர் ஆப்போ நல்லது.

5. கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு வையுங்கள். கடிகாரம் தானாக இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளும்படி விடுங்கள். நேரம் தப்பான பதிவு போலீஸுக்குத் தலைவலி.

6. குடும்பத்தினருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஆப்பில் ‘ஷேர்’ வசதி இருக்கும். நேரலை மட்டும் பார்க்கலாம் என்று அளவாகக் கொடுக்கலாம், வேண்டாதபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆள் வைத்து மாட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மாட்ட வருகிறவர் அவசரத்தில் தன் போனில், தன் மின்னஞ்சலில் உங்கள் என்விஆரைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்துவிட்டுப் போவது சர்வ சாதாரணம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு அதுதான் வேகம். ஆனால் உங்கள் வீட்டு ஹாலின் உரிமையாளர் அவர் ஆகிவிடுகிறார். பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கணக்குதான் முதன்மைக் கணக்கா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி உங்களுடையதில் சேர்த்து, அட்மின் பாஸ்வேர்டை அவர் கிளம்பிய பிறகு மாற்றுங்கள்.

வெளியிலிருந்து எப்படி எட்டுவது

பெரும்பாலானவர்களுக்கு ஆப்போடு வரும் பி2பி வழியே போதும். கேமரா தானாகக் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொள்ளும், உங்கள் போனும் அதே சர்வரைக் கேட்டுக் கேமராவைச் சென்றடையும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் கம்பெனியை நம்ப வேண்டும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வைஸ் கேமரா வாடிக்கையாளர் சுமார் 13,000 பேருக்கு, சர்வர் கோளாறால் மற்றவர்கள் வீட்டுக் கேமராக்களின் படங்கள் போய்ச் சேர்ந்தன. படுக்கையறையில் கேமரா வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பழைய யூடியூப் வீடியோக்கள் போர்ட் ஃபார்வார்டிங் செய்யச் சொல்லும். செய்யாதீர்கள். உங்கள் என்விஆரின் லாகின் பக்கத்தை உலகத்துக்கே திறந்துவைக்கும் வேலை அது. ரவுட்டரில் யூபிஎன்பி ஆன் ஆகி இருந்தால் கேமரா தானே போர்ட்டைத் திறந்துகொள்ளலாம், அதையும் அணைத்துவிடுங்கள். தவிர, இங்கே பல இணைப்புகளில் போர்ட் ஃபார்வார்டிங் வேலையே செய்யாது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று இருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களைப் போன்ற பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீடு வரை வந்து சேராது.

கம்பெனி சர்வர் வேண்டாம் என்கிறவர்களுக்கு விபிஎன் உண்டு; இணையத்தின் வழியே உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குப் போகும் தனிப் பாதை அது. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியில், ராஸ்பெரி பை போதும், டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு வழிவிடும் சப்நெட் ரவுட்டராக அமைக்க வேண்டும். போனிலும் அதே கணக்கு. சிஜிநாட்டையும் இது தாண்டிவிடும். பிறகு நீங்கள் எங்கிருந்தாலும் வீட்டு வைஃபையில் இருப்பதுபோலவே என்விஆரின் உள் முகவரியைத் திறக்கலாம். கணினியோடு பழக்கம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். பழுதானால் தூரத்திலிருந்து சரிசெய்வது கஷ்டம்.

பதிவு எங்கே சேர வேண்டும்

நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு கேமரா விடாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டு ஏறத்தாழ ஆறு நாளில் நிரம்பும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். நான்கு கேமராவும் 1 டிபி டிஸ்க்கும் என்றால் பதினொரு நாள். நீண்ட பயணம் போகிறவர்கள் பெரிய டிஸ்க் போடுங்கள், அல்லது அசைவு இருக்கும்போது மட்டும் பதியும்படி வையுங்கள். வீடியோவை இன்னும் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றினாலும் இடம் கணிசமாக மிச்சமாகும். கார்டு என்றால் ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று எழுதியது. சாதாரணக் கார்டு இரவுபகலாக எழுதினால் சீக்கிரம் செத்துவிடும்.

திருட வந்தவர்கள் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம். டிவிக்குக் கீழே பச்சை விளக்கு மின்னும் பெட்டி, அழைப்பிதழ் வைத்ததற்குச் சமம். பரண்மேலோ பூட்டிய அலமாரிக்குள்ளோ காற்றோட்டம் விட்டு வையுங்கள். வாசல் கேமரா ஒன்றுக்காவது கிளவுட் சந்தா எடுத்துவிடுங்கள். எல்லாம் போனாலும் அந்த முகம் வீட்டுக்கு வெளியே பத்திரமாக இருக்கும்.

அலர்ட்

எல்லா அசைவுக்கும் அலர்ட் வைத்தால் முதல் இரவே நாற்பது வரும், மூன்றாம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். ‘மனிதர்’ என்ற வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். படத்தில் கேட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் கோடு போட்டுக் குறியுங்கள். செடிக்குத் தண்ணீர் விட வருகிறவரின் நேரத்துக்கு அலர்ட்டை நிறுத்திவைக்கலாம். வாசல் கேமராவுக்கு மட்டும் இரவு முழுக்க ஒலியோடு வையுங்கள்.

லென்ஸில் சிலந்தி வலை கட்டினால் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டு வெள்ளைக் கோடுகள் ஆடும், அலர்ட் கொட்டும். மழைக்காலத்தில் கேமராவின் வெள்ளை ஸ்பாட்லைட்டை எரியவிட்டால் ஈசல் மொய்க்கும், அதைத் தின்னப் பல்லி வரும். விளக்கைக் கேமராவிலிருந்து சில அடி தள்ளிப் பொருத்துங்கள். கிளம்பும் முன் லென்ஸைச் சுற்றி ஒரு துடைப்பு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் ஒத்திகை

கடைசி நாளில் செய்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒவ்வொரு கேமராவையும் திறந்து பாருங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து வைஃபையில் பார்த்து ‘ஓடுகிறது’ என்று திருப்தி அடைவதில் பயனில்லை. மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, கால் மணி கழித்துப் போடுங்கள். ரவுட்டரும் கேமராவும் யாரும் தொடாமல் தாமாகவே ஆன்லைனுக்கு வர வேண்டும். இரவில் குடும்பத்தில் ஒருவரைக் கேட் ஏறிக் குதிக்கச் சொல்லி (முழங்கால் பத்திரம்) அலர்ட் எத்தனை நொடியில் வருகிறது, முகம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பதிவு ஒன்றைத் தூரத்திலிருந்து இறக்கியும் பாருங்கள். நேரலை நன்றாக ஓடி, பதிவு மட்டும் திறக்காத அமைப்புகள் நிறைய.

ஆள் தெரிந்தால் என்ன செய்வது

பேப்பர்காரரிடமும் பால்காரரிடமும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். வாசலில் குவிந்த பேப்பரும் நாள்கணக்காகக் கோலம் விழாத படியும், பூட்டிய வீடு என்று தெருவுக்கே சொல்லிவிடும். காவல் நிலையத்திலும் ஊருக்குப் போவதைத் தெரிவித்துவிடலாம், இரவு ரோந்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

அந்த நிலையத்தின் தரைவழி எண்ணை எஸ்டிடி கோடோடு, அதன் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு முன்னால் +91 சேர்த்துப் போனில் பதிந்துவையுங்கள். வெளிநாட்டிலிருந்து 112 அடித்தால் அந்த நாட்டு அவசர உதவிதான் எடுக்கும், உங்கள் ஊர் போலீஸ் அல்ல. வீட்டு முகவரியையும் அடையாளத்தையும் எழுதிப் பக்கத்திலேயே வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே தடுமாறும்.

அலர்ட் வந்து ஆள் தெரிந்தால் முதலில் போலீஸ், பிறகு பக்கத்து வீட்டுக்காரர். அவரை உள்ளே போகச் சொல்லாதீர்கள். விளக்கைப் போட்டு, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு வெளியே நிற்கச் சொன்னால் போதும். கேமராவில் பேசும் வசதி இருந்தால் குரல் கொடுக்கலாம். பெரும்பாலும் ஓடிவிடுவார்கள், ஆனால் கேமராவையும் உடைத்துவிடக் கூடும். ஆகவே அதற்கு முன்பே அந்தக் காட்சியைப் போனில் இறக்கிவிடுங்கள்.

பிறகு எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். விடாமல் பதியும் டிஸ்க் என்றால் பழைய காட்சி அழிவதற்கு முன் அதை லாக் செய்யவோ நகலெடுக்கவோ சொல்லுங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவு நீதிமன்றம் போகும்போது அதோடு ஒரு சான்றிதழும் போக வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் இருக்கும்; கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண் அது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி வேறு கோப்பாகிவிடும். அங்கே அனுப்புவது அவசரத்துக்கு மட்டும். விசாரணை அதிகாரிக்கு மூலக் கோப்பை அப்படியே பென் டிரைவில் கொடுங்கள்; கேட்டால் டிஸ்க்கையும் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.